அளத்துத் தண்ணியில் மிதந்த கற்பூரமணி

இல்ல தம்பி, இந்தப் பை மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா எவனாவது பெட்டியத் தூக்கிப் போட்டு நசுக்கிப்புடுவான். கனமெல்லாம் ஒண்ணுமில்ல. உள்ள கெடக்கது ஒரே ஒரு மாலை. கற்பூரமணி மாலை. கேள்விப்பட்டிருக்கீங்களா? டவுன் நகைக்கடையில அம்பர்னு சொல்லுதானுவ. பாத்தா கல்லு மாதிரி இருக்கும், ஆனா கல்லு இல்ல. மரத்துல வடிஞ்ச பிசின், பூமிக்குள்ள காலங்காலமாக் கெடந்து இறுகிப் போனது. நல்ல தேன் கலரு.

இப்ப எடுக்க வேண்டாம் தம்பி. பஸ்ஸுல நாலு பேரு கண்ணு படும். திருப்பூர் போயித்தான் வெளிய எடுக்கணும். என் பேத்திக்கு. இன்னும் அது மூஞ்சிய நான் பாக்கல. பங்குனியில பொறந்தா, இப்ப ஆனி ஆயிட்டு. பாக்கல. ஏன்னு கேளுங்க. கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன், மதுரை தாண்டுத வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

நெசக் கற்பூரமணியா டூப்பான்னு எப்பிடிக் கண்டுபிடிக்கதுன்னு யாருகிட்டயாவது கேட்டுப் பாருங்க. ஆளுக்கொண்ணு சொல்லுவான். ஒருத்தன் கம்பளியில தேச்சு, காயிதத் துண்டு பக்கத்துல கொண்டு போம்பான். காயிதம் வந்து ஒட்டுனா நெசம். இன்னொருத்தன் ஊசியப் பழுக்கக் காய்ச்சிக் குத்தும்பான். சாம்பிராணி மாதிரி வாசம் வந்தா நெசம், பிளாஸ்டிக் கருகுன நாத்தம் வந்தா டூப்பு. பொருளக் குத்திப் பாக்கதாம்! அதெல்லாம் கோட்டிக்காரன் பண்ணுத வேலை. உப்புத்தண்ணி ஒண்ணு போதும். நெசக் கற்பூரமணி உப்புத்தண்ணியில மிதக்கும், டூப்பு முங்கும். அம்புட்டுதான். உப்புத்தண்ணியப் பத்தி எங்கிட்ட எவன் பேச முடியும்?

பேரு கொம்பையா. தூத்துக்குடிப் பக்கம் உப்பளம். நான் உப்பு வாருத ஆளு இல்ல, தண்ணி பாக்குத ஆளு. கடல்தண்ணி ஒவ்வொரு பாத்தியா மாறி மாறி வெயில்ல காஞ்சு கெட்டிப்படும். எந்தப் பாத்தித் தண்ணி விளைஞ்சிட்டு, எத அடுத்த பாத்திக்குத் திறந்து விடணும், அதச் சொல்லுததுக்குத்தான் எனக்குச் சம்பளம். மத்தவனுவ கண்ணாடிக் குழாய மிதக்க விட்டு உப்பு எத்தன டிகிரின்னு பாப்பானுவ. நான் விரல முக்கி நாக்குல வைப்பேன். அவ்வளவுதான். ஆயுசு முழுக்க அப்பிடித்தான். முதலாளியே சொல்லுவாரு, கொம்பையா நாக்கு இருக்கையில கண்ணாடி எதுக்குன்னு. இப்ப இருக்க சின்ன முதலாளிதான் கண்ணாடியும் வச்சிப் பாரும் பெரியவரேங்கான். அவனுக்கு என்ன தெரியும்?

ஆமா, நீங்க பஸ் ஸ்டாண்டுல சாப்பிட்டீங்களா? அந்தச் சாம்பார்ல உப்புன்னு ஒண்ணு இருந்திச்சா? எனக்குப் பச்சத்தண்ணி குடிச்ச மாதிரி இருந்திச்சு. கேட்டா சண்டைக்கு வாரான். இப்ப எல்லாக் கடையிலயும் அப்பிடித்தான். வீட்டுலயும் அப்பிடித்தான் இருந்திச்சு. மருமக வச்ச குழம்புல நான் உப்பக் கேட்டு வாங்கிப் போட்டுக்கிடுவேன். எம்மவன் அதே குழம்ப வாயில வச்சிட்டு உப்புக் கரிக்குங்கான். பொண்டாட்டி சமையல அப்பா குறை சொல்லுதாரேன்னு அவனுக்குக் கடுப்பு, வேற என்ன?

மாலைக்கு வாரேன். எங்க அப்பா ரங்கூன்ல அரிசி மில்லுல இருந்தாரு. எல்லாத்தையும் விட்டுட்டுக் கப்பல் ஏறும்போது வேட்டி மடிப்புல சுருட்டிக் கொண்டாந்தது இந்த ஒரு மாலைதான். எனக்குக் கல்யாணம் ஆனப்ப எம்பொஞ்சாதி சண்முகக்கனி கழுத்துல போட்டாரு. அவ அதக் கழட்டுனதே கெடையாது. தாலிக்கொடி மூத்தவ, கற்பூரமணி இளையவன்னு கேலி பண்ணுவா. தங்கத்த எல்லாம் கஷ்டத்துல வித்தோம். இதத் தொடவே விடல. வேற நகையே இல்லாம, இது ஒண்ணப் போட்டுக்கிட்டு ராணி மாதிரி கல்யாண வீட்டுல முன்வரிசையில உக்காருவா. எவளாவது என்ன மணி இதுன்னு கேட்டா, ரங்கூன் கற்பூரமணி, எங்க மாமனார் கொண்டாந்ததுன்னு சொல்லும்போது அவ மூஞ்சியப் பாக்கணுமே! புத்துநோய் வந்து போயிட்டா. போகும்போது எம்மவன் லிங்கதுரையக் கூப்பிட்டு, ஒனக்கு வரப்போறவளுக்கு இதப் போட்டு விடுல, அவ கழுத்துல நான் இருப்பேன்னு சொன்னா.

அவன் கல்யாணம் ஆவணியில வச்சோம். பொண்ணு உடன்குடி. பேரு ஜெயசுதா. கெமிஸ்ட்ரி படிச்ச பிள்ள. கல்யாணத்துக்கு முந்துன வாரம் எங்க பெரியப்பா மவன் ஒருத்தன் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்காம, கொம்பையா, அது நெசக் கற்பூரமணிதானான்னு என்னைக்காவது சோதிச்சுப் பாத்தியான்னு கேட்டுட்டான். சபையில போடுத பொருளு பாருங்க, எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. மாலைய அளத்துக்குக் கொண்டு போனேன்.

மொதல்ல உப்பு விளையுத பாத்தியில போட்டேன். முங்கிட்டு. விரல முக்கி நாக்குல வச்சேன். சப்புன்னு இருந்திச்சு. அட, தண்ணி சரியில்ல! பாத்தியில உப்பு பாளம் பாளமாப் படிஞ்சு கெடக்கு, பக்கத்துல நின்ன பொம்பளையாளுவ எல்லாம் தண்ணி நல்லா விளைஞ்சிட்டுன்னுதான் சொல்லுதாளுவ. அவளுவளுக்கு நாக்கு ஏது? நான் நேரே கடைசிக் குழிக்குப் போனேன். உப்ப எல்லாம் எடுத்த பொறவு மிஞ்சுமே ஒரு கசப்புத் தண்ணி, எண்ணெய் கணக்கா மொழுமொழுன்னு இருக்கும், வெளிய தள்ளி விட வச்சிருப்போம். அத நாக்குல வச்சேன். அதுதான் தண்ணி! கரிப்பு அப்பதான் நாக்குல ஏறிச்சு. மாலைய விட்டேன்.

மிதந்திச்சு தம்பி. அத்தன மணியும் மேல வந்து, வட்டமா, அவ கழுத்துல கெடந்த மாதிரியே கெடந்திச்சு. நான் அங்கனயே ஒக்காந்து அழுதுட்டேன்.

கல்யாணத்தன்னைக்கு மைக்க வாங்கிச் சொன்னேன். சம்பந்தகாரங்க எல்லாரும் கேளுங்க, இது அளத்துத் தண்ணியில நானே விட்டுப் பாத்த அசல் ரங்கூன் கற்பூரமணின்னு. ஜெயசுதாவும் நல்லா வச்சிக்கிட்டா, இல்லன்னு சொல்ல மாட்டேன். செவ்வா வெள்ளி போட்டுக்கிடுவா. அத்தை மாலை, அத்தை மாலைன்னுதான் சொல்லுவா, அத்தையப் பாத்ததே இல்ல.

மறு வருசம் அவ உண்டானா. ஐப்பசியில ஒரு நாள் நூலு அறுந்து மணி எல்லாம் சிதறிட்டு. பொறுக்கி எடுத்து, மாமா, நான் டவுனுக்குப் போயி நல்ல நூலுல கோத்துட்டு வாரேன்னா. சரின்னேன். காலையில போனவ மத்தியானம் வந்தா. மூஞ்சி செத்துப் போயி இருந்திச்சு. தண்ணி கூடக் குடிக்கல, நேரே எங்கிட்ட வந்து, மாமா, கோபப்படக் கூடாது, கடைக்காரரு ஊசி வச்சுப் பாத்தாரு, இது கற்பூரமணி இல்லையாம், பழைய காலத்துப் பிளாஸ்டிக்காம், அப்பவே இந்த மாதிரி மணி நெறைய வந்திருக்காம், தாத்தாவ ரங்கூன்ல யாரோ ஏமாத்தியிருக்கான் மாமா, ஆனா நான் இத எங்க அத்தை மாலைன்னுதான் போட்டுக்கிடுவேன், எனக்கு அது என்னவா இருந்தாலும் ஒண்ணுதான்னு சொல்லுதா.

எப்பிடிச் சொல்லுதா பாருங்க! நான் மிதக்க விட்டுப் பாத்த பொருளு. இந்தக் கண்ணால பாத்தது. காலையில கற்பூரமணியா வெளிய போனது, மத்தியானம் பிளாஸ்டிக்கா வீட்டுக்குள்ள வருதுன்னா, நடுவுல என்னமோ நடந்திருக்கா இல்லையா? நீங்களே சொல்லுங்க. அவளா மாத்துனாளா, கடைக்காரன் மாத்துனானா, அது எனக்குத் தெரியாது. ஆனா போனது அவ கையில.

நான் ஒடனே குத்தம் சொல்லல தம்பி, நியாயமாத்தான் நடந்துக்கிட்டேன். அவ கையாலயே வாளியில தண்ணி எடுக்கச் சொன்னேன், வீட்டு உப்பக் கரையுத மட்டுக்கும் கரைக்கச் சொன்னேன். அதுல மாலைய விட்டோம். முங்கிட்டு. பாத்தியா, மாத்திட்டன்னேன்.

அவ அசையல. மாமா, நீங்க அன்னைக்கு எந்தத் தண்ணியில போட்டீங்கன்னு கேட்டா. சொன்னேன். அப்ப அவ மூஞ்சியில ஒரு வெளிச்சம் வந்திச்சு தம்பி, எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலு. மாமா, அந்தக் கசப்புத் தண்ணி இதவிடக் கனம், அதுல போட்டா இந்தப் பிளாஸ்டிக்கும் மிதக்கும், சட்டைப் பொத்தானும் மிதக்கும், இதே மாலைய எடுத்துட்டுப் போயி அதே குழியில போட்டுப் பாருங்க, கண்டிப்பா மிதக்கும், அப்ப நான் மாத்தலன்னு தெரிஞ்சிரும்லான்னா.

எந்தக் குழியில போட? வெளிய பேய்மழை. அளம் பூரா ஒரே வெள்ளக்காடு, பாத்தி எது வரப்பு எதுன்னு தெரியல. இனி தை மாசி வந்து, சேறு வழிச்சு, தண்ணி கட்டி, உப்பு விளைஞ்சு, அந்தக் கசப்புத் தண்ணி சேர சித்திரை ஆயிரும். படிச்சவ இல்லையா, அதத் தெரிஞ்சுக்கிட்டேதான் சொல்லுதான்னு நெனச்சேன். சித்திரை வரைக்கும் பொறுங்க மாமான்னா. கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னா. திருடுன பொருளு வித்துச் செலவாக அவகாசம் கேக்கான்னு எம்புத்தியில ஓடுது.

பத்ரகாளியம்மன் கோயில்ல சூடத்த ஏத்தி, வயித்துப் பிள்ள மேல சத்தியமா நான் மாத்தலன்னு கையால அணைச்சா. உள்ளங்கை கொப்புளிச்சிட்டு. மவன் அப்பதான் எங்கூடப் பேசுதத நிப்பாட்டுனான். சூடத்த அணைச்சதும் நம்பிருவாகளா? பொய்ச் சத்தியம் பண்ணுனவளுவ எத்தன பேரப் பாத்திருக்கோம்!

நான் வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். எம்பொஞ்சாதி போட்டோவப் பாக்கும்போதுதான் தாங்க முடியல. கழுத்துல அந்த மாலையோட சிரிச்சுக்கிட்டு இருக்கா. அது டூப்புன்னா, அவ ஆயுசு பூரா என்னத்தப் போட்டுக்கிட்டு அலைஞ்சா? கல்யாண வீட்டுல முன்வரிசையில உக்காந்து பிளாஸ்டிக்கையா காட்டிக்கிட்டு இருந்தா? பொறத்தால சிரிச்சிருப்பாளுவளே தம்பி. இருக்க முடியாது. இருக்கவே முடியாது.

தையில வளைகாப்பு வச்சோம். எங்க வீட்டுலதான். உடன்குடியில இருந்து வேன் புடிச்சு வந்திருந்தாக. பிள்ளைய மனையில உக்கார வச்சு, கன்னத்துல சந்தனம் பூசி, கை நிறைய வளையலு. அவ அம்மா வீட்டு நகை எல்லாம் கழுத்துல கெடக்கு. அந்த நகைக்கு நடுவுல, கேளுங்க, இந்த மாலையையும் போட்டிருக்கா. டூப்ப! எம்பொஞ்சாதி பேரச் சொல்லிக்கிட்டு! எனக்கு எங்க இருந்து வந்திச்சோ ஆவேசம். கூட்டத்துக்குள்ள போயி, ஏ பிள்ள, மாத்துனத வச்சுக்கிட்டு ஏன் வேசம் போடுதே, அசல எடுத்துப் போடு, அது ஒங்கம்மா பெட்டியில இருக்கா ஒங்கண்ணன் பெட்டியில இருக்கான்னு கேட்டுட்டேன்.

பாட்டு நின்னு போச்சு. அவ அழல தம்பி. மாலையக் கழட்டுனா. கையில வளையல் நெறைய இருந்ததால கொக்கியக் கழட்ட வரல, அவ அம்மாதான் கழட்டிக் கொடுத்தாக. எம்பாதத்துல வச்சா. எந்திரிச்சுப் போயி வேன்ல ஏறிட்டா. மத்தியானச் சோத்த யாரும் தொடல. ஏழு வகைச் சாதமும் அண்டாவோட கெடந்திச்சு.

மவனும் பின்னாலயே போயிட்டான். பங்குனியில பிள்ள பொறந்த சேதி பால்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பலகாரத்தோட உடன்குடிக்கு ஓடுனேன். சம்பந்தகாரரு வாசல்ல சேரு போட்டாரு, தண்ணி கொடுத்தாரு, உள்ள வாங்கன்னு கூப்பிடல. உள்ள பிள்ள அழுத சத்தம் கேட்டுச்சு. பசிக்கு அழுத சத்தம். கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு இருந்துட்டு வந்துட்டேன்.

பொறவு மவன் திருப்பூர் பனியன் கம்பெனியில சேந்து அவளையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிட்டான். போன்ல ஒரே ஒரு தடவை பேசுனான். அப்பா, நான் தப்பாப் பேசிட்டேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, அடுத்த பஸ்ஸுல நாங்களே கிளம்பி வாரோம்னான். நான் போன வச்சிட்டேன். ஊருக்காரனுவளும் சொல்லுதானுவ, கொம்பையா பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு. ஊரு வாய மூட ஒலைமூடி இருக்கா? சொல்லிட்டுப் போறானுவ. வீட்டுல நான் ஒத்தையில கஞ்சி காச்சிக் குடிக்கேன். பேச ஆளு இல்ல. செவுத்துல போட்டோதான். ராத்திரி லைட்ட அணைக்கவே மனசு வராது.

இருங்க, இனிதான் விசயமே. சித்திரையில அளம் மறுபடி விளைஞ்சிட்டு. கடைசிக் குழியில தண்ணி நின்னுச்சு. வளைகாப்பன்னைக்கு அவ கழட்டி வச்சதுல இருந்து பெட்டியில கெடந்த இந்த மாலைய ஒரு நாள் எடுத்துட்டுப் போனேன். எதுக்குப் போனேன்னு எனக்கே தெரியல. விட்டேன்.

மிதந்திச்சு!

சத்தியமா மிதந்திச்சு தம்பி. ஒரு மணி கூட முங்கல. நான் பாத்துக்கிட்டே நின்னேன். காலு ரெண்டும் கசப்புத் தண்ணியில வெந்து போச்சு, அப்பவும் நின்னேன்.

என்ன பாக்கீங்க? நீங்க நெனைக்கது எனக்குத் தெரியுது. அவ சொன்னதுதான நடந்திருக்கு, அப்ப மாலை மாறவே இல்லைலான்னு கேக்க வாரீங்க. அளத்துல கூட வேலை பாக்குத பொம்பளை ஒருத்தி அதத்தான் கேட்டா. அவள ஒரு அரட்டு அரட்டுனேன். வீட்டுத் தண்ணியில முங்குனத இந்தக் கண்ணு பாத்துச்சு. அது டூப்பு. இது மிதக்கு. அப்ப இது அசலு. ஒரே மாலை எப்பிடி டூப்பாவும் அசலாவும் இருக்கும்? நடுவுல என்ன நடந்துச்சுன்னா, மாசியில அவ அண்ணன் சீர்ப் பாத்திரத்த எல்லாம் எடுக்க வந்தான். நான் அளத்துல இருந்தேன். வீட்டுச் சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கும், அது அவளுக்குத் தெரியும். அன்னைக்கு அசலக் கொண்டாந்து பெட்டியில வச்சிட்டு டூப்ப எடுத்துட்டுப் போயிருக்கான். அவதான் கொடுத்து விட்டிருக்கா. மனசாட்சி உறுத்தியிருக்கு. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாக?

திரும்ப வீட்டுத் தண்ணியில போட்டுப் பாத்தீங்களான்னா கேக்கீங்க? எதுக்கு? மிதந்த பொறவு எதுக்குத் தம்பி முங்க வைக்கணும்? வேண்டாம். இனி எந்தத் தண்ணியிலயும் போட மாட்டேன். அது போதும்.

இன்னொண்ணும் கேளுங்க. பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்காகன்னு போன வாரம்தான் தெரிஞ்சிச்சு. சண்முகக்கனி. எம்பொஞ்சாதி பேரு. இந்தக் காலத்துல எவ தன் பிள்ளைக்கு இப்பிடிப் பேரு வைப்பா? மவன் வேற பேரு சொன்னானாம், அவதான் பிடிவாதமா இதையே வச்சாளாம். பாத்தீங்களா, எவ்வளவு உறுத்தியிருந்தா அவ அப்பிடிப் பண்ணியிருப்பா! அதக் கேட்டதும் என் கோவம் பூரா கரைஞ்சு போச்சு. பிள்ள கழுத்துக்கு இந்த மாலை பெருசுதான். ஆனா அவ பேருக்கு அவ மாலை.

மவனுக்குப் போன் போட்டேன், எடுக்கல. நான் வாரேன்னு பக்கத்து வீட்டுப் பையன விட்டு மெசேஜ் அனுப்பச் சொன்னேன். 'நான் கேட்ட வார்த்தைய சொல்லுததா இருந்தா வாங்க, இல்லன்னா வராதீங்க'ன்னு பதில் வந்திச்சு. சொல்லத்தான போறேன்! வழி நெடுக மனசுல சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டேதான் வாரேன். வாசல்ல நின்னு, பழைய கதையக் கிளறாம, மாலைய அவ கையில கொடுத்து, ஏ தாயி, நீ மாத்துனதையும் நான் மறந்துட்டேன், திருப்பி வச்சதையும் பாத்துட்டேன், ஒன்னைய நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லப் போறேன்.

மன்னிச்சிட்டேன்னு வந்து நிக்குத மனுசன் மூஞ்சியில யாரு தம்பி கதவச் சாத்துவா?

சொல்லுங்க, யாரு சாத்துவா?